சொல்லில் வாழும் வரலாறு: போலந்து – ஜெர்மானிய உறவும் அதன் நினைவுகளும்

முன்னுரை

தமிழியல் பயின்றோருக்கு ஜெர்மனி முற்றிலும் அயலான நாடன்று. 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, 19ஆம் நூற்றாண்டில் திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்த கிரவுல் போன்றோரின் பெயர்களை நாம் அறிவோம். அந்நாட்டின் கிழக்கே அமைந்த போலந்தைப் பற்றியோ நம்மிடையே அறிமுகம் மிகக் குறைவு. இரண்டாம் உலகப்போர் அங்குத் தொடங்கியது என்னும் ஒரு வரியோடு பெரும்பாலும் அவ்வறிமுகம் முடிந்துவிடுகிறது. ஆயினும் வரலாறு எவ்வாறு நினைவுகூரப்படுகிறது, எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்னும் வினாக்களில் ஆர்வமுடைய ஆசிரியர்கள் இவ்விரு நாடுகளின் உறவை ஊன்றி நோக்குதல் பயனுடையது. பகைகொண்டிருந்த இரு நாடுகளின் வரலாற்றறிஞர்கள் ஒரே மேசையில் அமர்ந்து, ஒருவர் பாடநூலை மற்றவர் சொல் சொல்லாக ஆராய்வது உலகில் அரிதாக நிகழ்வது. அம்முயற்சி இங்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது.

இவ்விரு நாட்டு உறவின் முழு வரலாற்றையும் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவ்வுறவில் பூசலுக்கு உள்ளான சில சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அச்சொற்கள் யாரைக் காட்டின, யாரை மறைத்தன என்று நாம் காண முற்படுகிறோம். எல்லை நிலம் பற்றிய வழக்கு 1990இல் உடன்படிக்கையின்வழித் தீர்ந்துவிட்டது. சொற்களைப் பற்றிய வழக்கு இன்றளவும் தீரவில்லை. அது தீராத நிலையிலேயே இரு நாட்டினரும் ஒருவரோடொருவர் பேசக் கற்றுக்கொண்டனர் என்பது நம் கருத்து.

முதலில் அவர்கள் ஒருவரையொருவர் சுட்டும் முறையையே காணலாம். போலந்து மொழியில் ஜெர்மானியரைக் குறிக்கும் 'நியெம்ட்சி' என்னும் சொல், 'ஊமை' என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது என்பர் சொல்லாய்வாளர். நம் மொழி பேசாதவர், ஆதலின் பேசவே தெரியாதவர் என்பது அதன் உட்கிடை. ஜெர்மன் மொழியிலோ 'போல்னிஷே விர்ட்ஷாஃப்ட்' என்றொரு தொடர் 18ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டு வழங்கி வருகிறது. நேர்ப்பொருளில் 'போலந்துக் குடித்தனம்' எனலாம். ஒழுங்கற்ற, சீர்கெட்ட நிர்வாகம் என்பதே வழக்கில் அதன் பொருள். முன்னைய சொல்லைப் பேசுவோர் எவரும் இன்று அதன் வேரை நினைப்பதில்லை. பின்னைய தொடர் அத்தகைய அப்பாவித்தனம் உடையதன்று. அண்டை நாட்டைப் பங்கிட்டுக்கொண்ட ஓர் அரசு, அந்நாட்டார்க்குத் தம்மை ஆளத் தெரியாது என்று தன் செயலுக்கு நியாயம் கற்பித்தபோது அத்தொடர் கைகொடுத்தது.

ஒரு போர், மூன்று பெயர்கள்

1410ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள், போலந்து – லித்துவேனியக் கூட்டுப்படை தியூட்டானிய வீரத்துறவியரின் படையை முறியடித்தது. பால்டிக் கடலோரத்தில் தனியரசு நடத்தி வந்தவர்கள் அத்துறவியர். போர்க்களத்தைச் சூழ்ந்து பல சிற்றூர்கள் இருந்தன. போலந்தியர் கிரன்வால்ட் என்னும் ஊரின் பெயரால் அப்போரை அழைத்தனர். லித்துவேனியர் அப்பெயரையே தம் மொழியில் பெயர்த்து 'ஷால்கிரிஸ்' என்றனர். ஜெர்மானியர் மற்றோர் ஊரின் பெயரால் அதனைத் தன்னன்பெர்க் போர் என்றனர். இதுவரை இது வெறும் ஊர்ப்பெயர் வேறுபாடே.

நாடிழந்திருந்த 19ஆம் நூற்றாண்டில்தான் இப்பெயர் போலந்தியருக்குப் பெரும் பொருள் பெற்றது. ஓவியர் மத்தேய்கோ 1878இல் அப்போரைப் பேரளவுத் துணிச்சீலையில் தீட்டினார். 1900இல் ஹென்ரிக் சியென்கியெவிச் அதனை மையமாகக் கொண்ட வரலாற்றுப் புதினத்தை முடித்தார். 1910இல், போரின் 500ஆம் ஆண்டு நிறைவில், கிராக்கோ நகரில் நினைவுச்சின்னம் எழுந்தது. மறுபுறம், 1914 ஆகஸ்டில் ஜெர்மானியப் படை கிழக்குப் பிரஷியாவில் ரஷ்யப் படையொன்றை முறியடித்தபோது, அவ்வெற்றிக்கும் தன்னன்பெர்க் என்றே பெயர் சூட்டப்பட்டது. சண்டை உண்மையில் அவ்வூரைத் தாண்டிப் பரந்த நிலப்பகுதியில் நடந்ததாயினும், ஐந்நூறாண்டுக்கு முற்பட்ட தோல்விக்குப் பழி தீர்ந்தது என்று கூறுவதற்கு அப்பெயரே வேண்டியிருந்தது. அங்கு 1927இல் பெரியதொரு நினைவரண் திறக்கப்பட்டது. படைத்தலைவராயிருந்து பின்னர் நாட்டின் அதிபரான ஹிண்டன்பர்க் 1934இல் அதனுள் அடக்கம் செய்யப்பட்டார்.

இவ்விரு சின்னங்களின் முடிவு ஈண்டு நோக்கத்தக்கது. கிராக்கோவின் சின்னத்தை ஆக்கிரமிப்பின் தொடக்கத்தில் ஜெர்மானியர் தகர்த்தனர். மத்தேய்கோவின் ஓவியத்தை அவர்கள் கையில் சிக்காதவாறு லூப்ளின் பகுதியில் மறைத்துக் காத்தனர். தன்னன்பெர்க் நினைவரணையோ 1945 ஜனவரியில் சோவியத் படை நெருங்கியபோது ஜெர்மானியப் படையினர் தாமே வெடிவைத்தனர். ஹிண்டன்பர்க்கின் பேழை மேற்கே கொண்டு செல்லப்பட்டது. கிராக்கோவின் சின்னம் 1976இல் மீண்டும் எழுப்பப்பட்டது.

பள்ளியறையில் ஒரு மொழிப்போராட்டம்

1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் ரஷ்யா, பிரஷியா, ஆஸ்திரியா ஆகிய மூன்று அரசுகளும் போலந்தைப் பங்கிட்டுக்கொண்டன. அதன்பின் 1918 வரை போலந்து என்றொரு நாடு நிலப்படத்தில் இல்லை. பிரஷியாவின் பங்கில் வாழ்ந்தோர் 1871க்குப் பின் கடுமையான மொழிக்கொள்கைக்கு உள்ளாயினர். ஆட்சியிலும் பள்ளியிலும் ஜெர்மன் மொழி திணிக்கப்பட்டது. இறுதியில் எஞ்சியிருந்தது சமயப் பாடம் மட்டுமே.

1901ஆம் ஆண்டு, போசன் மாநிலத்து வ்ஷெஷ்னியா என்னும் சிற்றூரில், அப்பாடத்தையும் ஜெர்மன் மொழியில் நடத்தத் தொடங்கினர். பிள்ளைகள் அம்மொழியில் விடைகூற மறுத்தனர். ஆசிரியர்கள் பிரம்பால் அடித்தனர். அலறல் கேட்டுப் பெற்றோர் பள்ளியின்முன் திரண்டனர். அதன்பின் வழக்குத் தொடரப்பட்டது. தண்டனை பெற்றவர்கள் ஊர்மக்களே. அவர்களுள் சிலருக்கு ஈராண்டுக்கும் மேற்பட்ட சிறைவாசம் விதிக்கப்பட்டது. 1906 – 1907இல் இத்தகைய பள்ளி மறுப்பு அம்மாநிலத்தில் பல்லாயிரம் மாணவரிடையே பரவிற்று. இறைவேண்டலை எந்த மொழியில் சொல்வது என்பதற்காகக் குழந்தைகள் அடிபட்ட இந்நிகழ்ச்சியைப் போலந்துப் பள்ளிகள் இன்றும் கற்பிக்கின்றன. ஜெர்மானியப் பொதுநினைவில் இதற்கு இடமே இல்லை எனலாம். வலித்தவர் நினைவில் நிற்பது அடித்தவர் நினைவில் நிற்பதில்லை. இருநாட்டு நினைவுகளை ஆராய்வோர் எதிர்கொள்ளும் முதற் சிக்கல் இச்சமனின்மையே.

1939 செப்டம்பர் 1 முதல் நிகழ்ந்தவற்றை முன்னைய மொழிக்கொள்கையின் தொடர்ச்சி என்று கொள்வது பொருந்தாது. அது வேறு தன்மையது. போலந்துக் குடிமக்களுள் ஏறத்தாழ 6 மில்லியன் பேர் மாண்டனர். அவர்களுள் பாதியளவினர் யூதர். ஆக்கிரமிப்பு அரசு போலந்தியருக்குத் தொடக்கக்கல்வியும் சில தொழிற்கல்வியும் போதும் என முடிவுசெய்து, பல்கலைக்கழகங்களை மூடியது. 1939 நவம்பர் 6ஆம் நாள், கிராக்கோவின் யாகியெல்லோனியப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களைச் சொற்பொழிவு ஒன்றிற்கென அழைத்து, அரங்கிலேயே கைது செய்தனர். 180க்கும் மேற்பட்டோர் பிடிக்கப்பட்டுப் பெரும்பாலோர் சாக்சன்ஹவுசன் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். 1944ஆம் ஆண்டு வார்சா எழுச்சி ஒடுக்கப்பட்டபோது 150,000க்கும் மேற்பட்ட பொதுமக்கள் உயிரிழந்தனர். எஞ்சிய நகரம் தெருத்தெருவாகத் தகர்க்கப்பட்டது. இதனை மனத்திற்கொண்டே 1945க்குப் பிந்திய சொற்களை நாம் படித்தல் வேண்டும்.

1945: பெயர் மாறிய ஊர்கள், ஊர் மாறிய மக்கள்

போரின் முடிவில் போலந்து மேற்கு நோக்கி நகர்த்தப்பட்டது. அதன் கிழக்குப் பகுதிகளைச் சோவியத் ஒன்றியம் எடுத்துக்கொண்டது. ஈடாக ஓடர், நைசே ஆறுகளுக்குக் கிழக்கே அமைந்த ஜெர்மானிய நிலம் போலந்தின் ஆட்சிக்கு வந்தது. அந்நிலத்து ஜெர்மானியர், முன்னேறி வந்த சோவியத் படைக்கு அஞ்சி ஓடினர். எஞ்சியோர் போருக்குப்பின் வெளியேற்றப்பட்டனர். கிழக்கு, நடு ஐரோப்பா முழுவதிலுமிருந்து இவ்வாறு வீடிழந்த ஜெர்மானியர் 12 மில்லியன் அளவினர். வழியில் இறந்தோர் தொகை பற்றியே நெடுங்காலம் வழக்கு நடந்தது. மேற்கு ஜெர்மனியில் வழங்கிய 2 மில்லியன் என்னும் பழங்கணக்கைப் பிற்கால ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை. அதனினும் மிகக் குறைந்த எண்ணிக்கையையே அவர்கள் முன்வைக்கின்றனர்.

இந்நிகழ்வை எச்சொல்லால் குறிப்பது? பாட்ஸ்டாம் மாநாட்டின் ஆவணம் 'மாற்றம்' என்றது; அது ஒழுங்காகவும் மனிதத்தன்மையோடும் நடைபெற வேண்டும் என்றும் கூறிற்று. நடந்தது அவ்வாறு இல்லை. மேற்கு ஜெர்மனியில் 'ஃபெர்ட்ரைபுங்' என்னும் சொல் நிலைபெற்றது. விரட்டியடித்தல் என்பது அதன் பொருள். கிழக்கு ஜெர்மனியில் குடியேறிய ஏறத்தாழ 4 மில்லியன் பேர் அச்சொல்லைப் பொதுவில் ஆள இயலவில்லை. அங்கு அவர்கள் 'இடம் மாறியோர்' என்று அழைக்கப்பட்டனர். 1950 ஜூலையில் கிழக்கு ஜெர்மனி போலந்துடன் எல்லை உடன்படிக்கை செய்துகொண்டபின் அப்பெயரும் மங்கிற்று. விரட்டியவர் நட்பு நாட்டினராக இருக்கையில், விரட்டப்பட்டவர் என்றொரு வகையினர் இருத்தல் ஆகாது என்பதே அதன் தருக்கம். மேற்கிலோ, வெளியேற்றப்பட்டோரின் அமைப்புகள் 1950 ஆகஸ்டில் ஸ்டுட்கார்ட் நகரில் தம் சாசனத்தை வெளியிட்டு, பழிவாங்குதலைக் கைவிடுவதாக அறிவித்தன. போரைத் தொடங்கியது யார் என்பதை அச்சாசனம் சொல்லாமல் விட்டது. அவ்விடைவெளியைப் போலந்தியர் மறக்கவில்லை.

போலந்து அரசின் சொல்லாட்சியும் இதற்குக் குறைந்ததன்று. புதிதாகப் பெற்ற நிலம் 'மீட்கப்பட்ட நிலங்கள்' எனப்பட்டது. இடைக்காலத்துப் பியாஸ்ட் மன்னர்களின் நாடு மீண்டது என்பது அதன் கருத்து. அப்பெயரில் 1945 முதல் 1949 வரை ஓர் அமைச்சே இயங்கியது. கிழக்கில் தம் ஊரை இழந்து இங்குக் கொண்டுவரப்பட்ட போலந்தியரைத் 'தாயகம் திரும்பியோர்' என்று பதிவேடுகள் குறித்தன. ல்வூஃப் நகரில் பிறந்து, அதுவே தாயகமென வாழ்ந்து, அதனைவிட்டு நீங்க நேர்ந்த ஒருவர், முன்னொருபோதும் கண்டிராத பிரெஸ்லாவுக்கு வந்திறங்கியபோது தாயகம் திரும்பியவர் ஆனார். இதனினும் கொடிய முரணைச் சொல்லொன்று தாங்குவது கடினம்.

பெயரிடுதலுக்கென்றே 1946இல் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. மொழியறிஞரும் புவியியல் அறிஞரும் அதில் பணியாற்றினர். பிரெஸ்லாவ் வ்ரோட்ஸ்வாவ் ஆயிற்று. இதற்குப் பழைய போலந்து வடிவம் இருந்தது. பழைய வடிவம் இல்லாத அல்லது பொருந்தாத இடங்களுக்குப் புதுப்பெயர் வேண்டியிருந்தது. கிழக்குப் பிரஷியாவின் ராஸ்டன்பர்க், வரலாற்றறிஞர் கென்ட்ஷின்ஸ்கியின் நினைவாகக் 'கென்ட்ஷின்' எனப்பட்டது. அவ்வறிஞரோ அடல்பெர்ட் ஃபொன் விங்க்லர் என்னும் ஜெர்மானியப் பெயருடன் வளர்ந்து, பின்னர்த் தம் குடியின் போலந்து மூலத்தை அறிந்து பெயர் மாற்றிக்கொண்டவர். ஸென்ஸ்பர்க் என்னும் ஊர், போலந்து மொழிக்காக வாதாடிய அகராதியாசிரியர் ம்ரோங்கோவியுஸ் பெயரால் 'ம்ரோங்கோவோ' ஆயிற்று. அகராதி தொகுத்த ஒருவருக்கு ஊரே நினைவாக அமைந்தமை மொழியாசிரியராகிய நமக்கு ஓரளவு மகிழ்ச்சி தருவதே. எனினும் அவ்வூரின் முன்னைய குடிகள் அப்போது சரக்கு ரயில்களில் இருந்தனர் என்பதையும் உடன்நினைத்தல் வேண்டும்.

வ்ரோட்ஸ்வாவின் நகர்ச்சதுக்கத்தில், பிரஷிய மன்னர் ஒருவரின் சிலை நின்ற இடத்தில், ல்வூஃபிலிருந்து வந்த நாடகாசிரியர் ஃபிரெத்ரோவின் சிலை 1956இல் நிறுவப்பட்டது. ஓசொலினேயும் என்னும் புகழ்பெற்ற நூலகத்தின் ஒரு பகுதியும் ல்வூஃபிலிருந்து அந்நகருக்கே வந்தது. ஒரு நகரத்தின் நினைவு மற்றொரு நகரத்தின் உடலில் குடியேறிற்று எனலாம்.

புதிதாக வந்தோர் ஜெர்மானியர் விட்டுச்சென்ற வீடுகளில் தங்கினர். அவர்களுடைய கட்டிலில் உறங்கினர். அவர்களுடைய தட்டில் உண்டனர். இப்பொருள்களைக் குறிக்கப் போலந்து மொழியில் 'போநியெமியெட்ஸ்கியே' என்னும் சொல் உண்டாயிற்று. ஜெர்மானியருக்குப் பிற்பட்ட, ஜெர்மானியரிடமிருந்து எஞ்சிய என்று அதனை விரிக்கலாம். அரசின் சொற்கள் அனைத்தும் மறைக்க முயன்றதை இவ்வன்றாடச் சொல் ஒவ்வொரு நாளும் வெளிப்படுத்திக்கொண்டிருந்தது. நிலம் 'மீட்கப்பட்டது' என்று சுவரொட்டி கூறும். அலமாரி 'போநியெமியெட்ஸ்கியே' என்று பாட்டி கூறுவாள். கரோலினா குஷிக் இச்சொல்லையே தலைப்பாக்கி 2019இல் ஒரு நூல் எழுதினார். அந்நூல் 2022இல் ஜெர்மன் மொழியில் வந்தபோது, நேரான சொல் அம்மொழியில் இன்மையால், 'பிறரின் வீடுகளில்' என்னும் பொருள்படத் தலைப்பு அமைந்தது. இழந்தவரின் மொழியில் அச்சொல்லுக்கு வேலை இருந்ததில்லை.

தமிழில் இவற்றை எழுத முற்படும்போது நாமும் இச்சிக்கலில் அகப்படுகிறோம். 'புலம்பெயர்தல்' என்றால் விருப்பத்தோடு சென்றவரையும் அது உள்ளடக்கும். 'இடப்பெயர்வு' என்றால் பெயர்த்தவர் யார் என்பது மறையும். 'விரட்டியடிப்பு' என்றால் மேற்கு ஜெர்மானிய அமைப்புகளின் சொல்லாட்சியை அப்படியே ஏற்றவராவோம். இக்கட்டுரையில் 'வெளியேற்றம்' என்னும் பிறவினைப் பெயரை ஆண்டுள்ளோம். செய்தவர் ஒருவர் உண்டு என்பதை அது இலக்கணத்திலேயே உணர்த்தும்; ஆயினும் அவர் ஏன் செய்தார் என்பதை அச்சொல்லும் சொல்லாது.

மன்னிப்பின் வினைச்சொற்கள்

1965ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், போலந்து நாட்டுக் கத்தோலிக்க ஆயர்கள் ஜெர்மானிய ஆயர்களுக்குக் கடிதம் ஒன்று விடுத்தனர். அதன் மூலவர் வ்ரோட்ஸ்வாவின் பேராயர் போலெஸ்வாவ் கோமினெக். ஜெர்மன் மொழியை நன்கறிந்த அவர், கடிதத்தை அம்மொழியிலேயே வரைந்தார். பின்னாளில் திருத்தந்தையான வொய்த்திவாவும் அதில் ஒப்பமிட்டோருள் ஒருவர். நீண்ட வரலாற்று விளக்கத்தின் இறுதியில், தாங்கள் மன்னிப்பதாகவும் மன்னிப்பை வேண்டுவதாகவும் அவர்கள் எழுதியிருந்தனர்.

முதல் வினை எவருக்கும் வியப்பளிக்கவில்லை. இரண்டாம் வினையே புயலைக் கிளப்பிற்று. நாங்கள் எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஆளுங்கட்சி நாடெங்கும் பரப்புரை நடத்தியது. ஆயர்களுக்கு இவ்வதிகாரத்தை வழங்கியவர் யார் என்றும் கேட்டது. அவ்வினாவைக் கட்சியின் சூழ்ச்சி என்று மட்டும் ஒதுக்கிவிட இயலாது. போர் முடிந்து இருபதாண்டுகளே ஆகியிருந்தன; உறவினரை இழந்த எளிய மக்களும் அதே வினாவை மனமார எழுப்பினர். டிசம்பரில் வந்த ஜெர்மானிய ஆயர்களின் மறுமொழியோ, நன்றி கூறினும், எல்லையை ஏற்பது பற்றி வாய்திறக்கவில்லை. கடிதம் எழுதியோர் இரு பக்கத்திலும் தனித்து விடப்பட்டனர். கோமினெக்கின் சிலை வ்ரோட்ஸ்வாவில் எழுந்தது 2005இல்தான்.

1970 டிசம்பர் 7ஆம் நாள் வார்சாவில் மேற்கு ஜெர்மானியப் பிரதமர் வில்லி பிராண்ட் மண்டியிட்ட காட்சி உலகறிந்தது. அதனை ஈண்டு விரிக்கவில்லை. இரண்டு செய்திகள் மட்டும் போதும். அவர் மண்டியிட்டது யூதக் குடியிருப்பின் வீரர்களுக்கான நினைவுச்சின்னத்தின்முன். பிற போலந்துக் குடிமக்களின் சாவுக்கு இணையானதொரு செயல் நிகழவில்லை என்னும் எண்ணம் போலந்தில் பின்னும் நிலவியது. மற்றொன்று, அக்காலத்தில் 'டெர் ஷ்பீகல்' இதழ் நடத்திய கருத்துக்கணிப்பில் மேற்கு ஜெர்மானியருள் 48 விழுக்காட்டினர் அச்செயல் மிகையானது என்றனர். 41 விழுக்காட்டினரே பொருத்தமானது என்றனர்.

பாடநூல் ஆணையம்

இனி, ஆசிரியர்களாகிய நமக்கு மிக நெருங்கிய பகுதிக்கு வருவோம். 1972இல் இரு நாட்டு யுனெஸ்கோ குழுக்களின் ஆதரவில் போலந்து – மேற்கு ஜெர்மானியப் பாடநூல் ஆணையம் அமைந்தது. ஜெர்மானியத் தரப்பில் பிரவுன்ஷ்வைக் நகரின் கியோர்க் எக்கெர்ட் அதனை முன்னின்று நடத்தினார். அவர் 1974இல் மறைந்தார். 1976இல் ஆணையம் வரலாற்றுக்கும் புவியியலுக்குமான பரிந்துரைகளை வெளியிட்டது. வரலாற்றுப் பரிந்துரைகள் மட்டும் 26.

அப்பரிந்துரைகளின் மொழி மிகுந்த கவனத்துடன் நெய்யப்பட்டது. வெளியேற்றத்தைக் குறிக்க, மக்கள்தொகை இடம் மாறியதைச் சுட்டும் நடுநிலைச் சொல்லே ஆளப்பட்டது. 'ஃபெர்ட்ரைபுங்' என்பதைப் போலந்துத் தரப்பு ஏற்காது. 'தாயகம் திரும்புதல்' என்பதை ஜெர்மானியத் தரப்பு ஏற்காது. ஹிட்லரும் ஸ்டாலினும் 1939 ஆகஸ்டில் செய்துகொண்ட உடன்படிக்கையின் மறைமுக ஒப்பந்தமோ, கத்தினில் போலந்து அதிகாரிகளைச் சோவியத் காவல்துறை கொன்றதோ அப்பரிந்துரைகளில் இடம்பெறவில்லை. போலந்து வரலாற்றறிஞர்கள் அவற்றை அறியாதவரல்லர். தணிக்கை உள்ள நாட்டில் அவற்றில் கையொப்பமிட இயலாதவர்கள். மேற்கு ஜெர்மனியில் இதனைக் கண்டித்தோர் 1978இல் மாற்றுப் பரிந்துரைகளையே வெளியிட்டனர். உண்மையை விலைபேசிவிட்டனர் என்பது குற்றச்சாட்டு.

இக்குற்றச்சாட்டை நாம் எளிதில் ஒதுக்குவதற்கில்லை. கத்தின் இல்லாத போலந்து வரலாறு குறையுள்ள வரலாறுதான். எனினும் மாற்றுவழி யாது என்று கேட்டுப் பார்த்தல் வேண்டும். அனைத்தையும் சொல்லும் உரிமை கிடைக்கும்வரை காத்திருந்தால், மேசையே போடப்பட்டிருக்காது. குறையுள்ள அப்பரிந்துரைகளின் வழியாகவே ஒரு தலைமுறை ஜெர்மானிய மாணவர், தம் பாட்டனாரின் ஊர் இன்று வேறொரு குழந்தையின் பிறந்த ஊர் என்பதைப் படித்தனர். அதனினும் பெரிது, இருதரப்பு அறிஞரும் ஆண்டுதோறும் சந்தித்தமை. 1989க்குப் பின் தணிக்கை நீங்கியபோது, விடுபட்டவற்றைப் பேசுவதற்கு ஏற்கெனவே ஒருவரையொருவர் அறிந்தவர்கள் இருந்தனர். சொல்லில் விட்டுக்கொடுத்து உறவில் ஈட்டியது என்று இதனை மதிப்பிடலாம் என்பது நம் துணிபு, மாறுபடுவோரும் உளர்.

போலந்தினுள்ளேயே அச்சொல்லை முதலில் உடைத்தோரையும் குறிப்பிடுதல் தகும். 1981இல் யான் யூசெஃப் லிப்ஸ்கி, நாட்டுப்பற்று இருவகைப்படும் என்னும் கருத்தமைந்த கட்டுரையில், ஜெர்மானியரை வெளியேற்றியதும் தீமையே, வேறு தீமைகளின் விளைவாயினும் தீமையே என வாதிட்டார். 1995 ஏப்ரலில் போலந்தின் வெளியுறவு அமைச்சர் பர்த்தொஷெவ்ஸ்கி ஜெர்மானிய நாடாளுமன்றத்தில் உரையாற்றியபோது, வெளியேற்றத்தில் துன்புற்ற குற்றமற்ற ஜெர்மானியருக்காக வருந்துவதாகக் கூறினார். அவர் ஆஷ்விட்ஸ் முகாமில் கைதியாயிருந்தவர். அச்சொற்களுக்கு எடை தந்தது அவரது வாழ்வே.

ஆணையத்தின் நீண்ட உழைப்பு ஒரு பொதுப் பாடநூலாகவும் கனிந்தது. 'ஐரோப்பா – நம் வரலாறு' என்னும் பொருள்படும் அந்நூலின் நான்கு தொகுதிகள் 2016 முதல் 2020 வரை இருமொழிகளிலும் வெளிவந்தன. இருதரப்பும் வேறுபடும் இடங்களை மழுப்பாமல், வேறுபாட்டையே பாடப்பொருளாக்க அது முயன்றது. ஹான்ஸ் ஹென்னிங் ஹான், ரோபெர்ட் டிராபா ஆகியோர் பதிப்பித்து 2012 முதல் வெளிவந்த நினைவிடங்கள் குறித்த பன்தொகுதி ஆய்வும் இவ்வழியதே. கிரன்வால்டையும் தன்னன்பெர்க்கையும் ஒன்றாக வைத்துப் படிக்கும் முறையை அது காட்டுகிறது.

அண்மைக்காலச் சொற்பூசல்கள்

1990 நவம்பரில் எல்லை உடன்படிக்கையும், 1991 ஜூனில் நல்லண்டை உறவுக்கான உடன்படிக்கையும் கையெழுத்தாயின. 1991இல் தொடங்கிய இளையோர் பரிமாற்ற அமைப்பின்வழி இதுவரை 3 மில்லியனுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் ஒருவர் நாட்டுக்கு மற்றவர் சென்று வந்துள்ளனர். 2004இல் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்தது. இத்தனைக்கும் பின் பூசல்கள் ஓய்ந்துவிடும் எனப் பலர் எதிர்பார்த்தனர். அது நிகழவில்லை.

2000ஆம் ஆண்டையொட்டி, வெளியேற்றங்களுக்கு எதிரான நடுவம் ஒன்றைப் பெர்லினில் அமைக்க வெளியேற்றப்பட்டோர் சங்கம் முனைந்தபோது போலந்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. தாக்கியவரும் தாக்கப்பட்டவரும் ஒரே சொல்லின்கீழ் 'பாதிக்கப்பட்டோர்' ஆகிவிடுவர் என்பதே அச்சம். இறுதியில் கூட்டாட்சி அரசின் அறநிறுவனம் ஒன்று இப்பணியை ஏற்று, 2021இல் ஆவண மையத்தைத் திறந்தது. அதன் பெயரில் தப்பியோட்டம், வெளியேற்றம் ஆகிய இரண்டோடு ஒப்புரவு என்னும் சொல்லும் சேர்க்கப்பட்டது.

மற்றொரு பூசல் 'போலந்து முகாம்கள்' என்னும் தொடரைப் பற்றியது. நாஜிகள் போலந்து மண்ணில் அமைத்த கொலைமுகாம்களை அயல்நாட்டு ஏடுகள் சில இவ்வாறு எழுதிவந்தன. இடத்தைக் குறிக்கும் அடை, உடைமையைக் குறிப்பதாகப் பொருள் தந்தது. போலந்தின் வேண்டுகோளை ஏற்று யுனெஸ்கோ 2007இல் ஆஷ்விட்ஸ் மரபிடத்தின் பெயரில் 'ஜெர்மானிய நாஜி' என்னும் சொற்களைச் சேர்த்தது. இது நேர்மையான திருத்தம். ஆனால் 2018இல் போலந்து அரசு, நாஜிக் குற்றங்களுக்குப் போலந்து நாட்டையோ மக்களினத்தையோ பொறுப்பாக்குவோர்க்குச் சிறைத்தண்டனை விதிக்கும் சட்டத்தை இயற்றியபோது நிலைமை வேறாயிற்று. யூதர்களைக் காட்டிக்கொடுத்த தனிமனிதரை ஆராய்வதும் தடைப்படும் என ஆய்வாளர் அஞ்சினர். எதிர்ப்பு வலுத்ததால் சில மாதங்களிலேயே தண்டனைப் பகுதி நீக்கப்பட்டது. தவறான சொல்லைத் திருத்துவது ஆசிரியர் பணி. அதனைக் காவலரிடம் ஒப்படைத்தால் சரியான வினாக்களும் கூடவே கைதாகின்றன.

இழப்பீட்டுக் கணக்கும் மீண்டும் எழுந்தது. 2022 செப்டம்பரில் போலந்து அரசு தன் போர் இழப்பை 6.2 டிரில்லியன் ஸ்வொத்தி, அதாவது 1.3 டிரில்லியன் யூரோ என மதிப்பிட்டு அறிக்கை வெளியிட்டது. 1953இல் போலந்து இழப்பீட்டைக் கைவிட்டதைச் சுட்டி ஜெர்மனி வழக்கு முடிந்தது என்றது. அக்கைவிடல் சோவியத் நெருக்கடியில் நேர்ந்தது என்பது போலந்துத் தரப்பின் மறுப்பு. சட்டத்தில் ஜெர்மனியின் நிலைப்பாடு வலுவுடையதாகத் தோன்றலாம். ஆயினும் கட்டாய உழைப்புக்கு உள்ளாகி இன்று முதுமையின் எல்லையில் இருப்போர்க்கு அவ்விடை ஒரு விடையாகாது.

இதற்கிடையே, போலந்துப் பாதிக்கப்பட்டோர்க்கெனப் பெர்லினில் ஒரு நினைவிடம் வேண்டும் என்னும் கோரிக்கை 2017 முதல் வலுப்பெற்றது. பல நாட்டுக் குடிமக்களும் மாண்ட போரில் ஒரு நாட்டுக்கு மட்டும் தனிச்சின்னமா என்று ஜெர்மானிய வரலாற்றறிஞர் சிலர் வினவினர். போலந்து யூதர் மூன்று மில்லியன் பேரைப் 'போலந்து' என்னும் அச்சொல்லில் அடக்குவதா, 2005இல் திறக்கப்பட்ட யூதர் நினைவுச்சின்னத்துக்கு உரியவராக விடுவதா என்பதும் வினாவாயிற்று. ஜெர்மானிய நாடாளுமன்றம் 2020 அக்டோபரில் கோரிக்கையை ஏற்றது. 2025 ஜூன் மாதம், நிலையான நினைவிடம் அமையும்வரை தற்காலிகமாக, பாறையொன்று அங்கு நிறுவப்பட்டது. அவ்விடம் முன்னாள் குரோல் இசை நாடக அரங்கின் மனை. 1939 செப்டம்பர் 1ஆம் நாள் காலை ஹிட்லர் போலந்தின் மீதான போரை அறிவித்தது அவ்வரங்கில்தான். போரில் சேதமுற்ற அக்கட்டடம் பின்னர் இடிக்கப்பட்டது. பாறை புல்வெளியில் நிற்கிறது.